ஜொகூர் பெயர் தாங்கிய தொடக்ககாலப் போர்விமானங்களின் நிறம்: சான்றுகளும் அவற்றை மதிப்பிடும் முறையும்

முன்னுரை

முதல் உலகப் போரின்போது ஐரோப்பியப் போர்முனைக்குச் சென்ற பிரிட்டிஷ் விமானங்கள் சிலவற்றின் உடற்பகுதியில் ‘மலாயா’, ‘ஜொகூர்’ என்னும் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. மலாயா மக்களும் ஜொகூர் அரசும் அளித்த பணத்திற்கு அடையாளமாக இடப்பட்ட பெயர்கள் அவை. ஜொகூரில் பறப்பதற்காக அவ்விமானங்கள் வாங்கப்படவில்லை. அவற்றை நேரில் கண்டவர் எவரும் இன்று நம்மிடையே இல்லை. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களும், அலுவலகக் குறிப்புகளும், அக்கால விமானங்களிலிருந்து அறுத்தெடுக்கப்பட்ட துணித்துண்டுகள் சிலவுமே நமக்கு எஞ்சியுள்ளன.

அவ்விமானங்கள் எந்த நிறத்தில் இருந்தன என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினாவாகும். முதல் நோக்கில் இது சிறு வினாவாகத் தோன்றலாம். எனினும் நம் பள்ளிகளில் வரலாற்றுக் கண்காட்சிகளுக்காக மாணவர்கள் மாதிரி விமானங்களைச் செய்து வண்ணம் தீட்டுகின்றனர். பழைய புகைப்படங்களுக்குக் கணினியின் துணையால் நிறமூட்டும் வழக்கமும் இன்று பெருகிவிட்டது. நிறமூட்டிய படம் ஒன்று பரவிவிட்டால், சில ஆண்டுகளில் அதுவே சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது. கற்பனை எங்கே முடிந்தது, சான்று எங்கே தொடங்கியது என்று பிரித்தறியும் வழி அதன்பின் அடைபட்டுவிடுகிறது.

நிறம் ஒரு காலச் சான்று என்பதும், பெயர் ஒன்றாக இருந்தாலும் நிறம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். அதனை நிறுவுவதற்குப் புகைப்படம், எழுத்து, பொருள் ஆகிய மூவகைச் சான்றுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

மலாயாவின் விமான நிதியும் ஜொகூரும்

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் போர் தொடங்கியபோது பிரிட்டனிடம் இருந்த போர்விமானங்கள் மிகச் சிலவே. குடியேற்ற நாடுகளில் நிதி திரட்டி விமானங்களை அன்பளிப்பாக அளிக்கும் முயற்சி 1915இல் பரவலாயிற்று. மலாயாவில் இம்முயற்சிக்குத் தலைமை ஏற்றவர் பேராக் மாநிலத்தின் பத்து காஜாவில் வாழ்ந்த சார்லஸ் அல்மா பேக்கர். நியூசிலாந்தில் பிறந்த இவர் நில அளவை, ஈயச் சுரங்கம், ரப்பர்த் தோட்டம் ஆகியவற்றால் செல்வம் ஈட்டியவர். மலாயாவோடு ஆஸ்திரேலியாவிலும் இவர் விமான நிதி திரட்டினார்.

பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி கோட்டையை நம் வாசகர்கள் அறிவார்கள். அதனைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் மலாயாவில் தம் வாழ்க்கையைத் தொடங்கியது இந்த அல்மா பேக்கருடன் இணைந்துதான். அக்கோட்டைக்கு அருகிலுள்ள மாரியம்மன் கோயிலின் கூரைச் சிற்பங்களிடையே கெல்லி ஸ்மித்தின் உருவமும் இடம்பெற்றிருப்பது தமிழ்த் தொழிலாளர்களோடு அவருக்கிருந்த உறவின் நினைவாகக் காட்டப்படுகிறது. விமான நிதியின் வரலாறும் தோட்டத் தமிழரின் வரலாறும் ஒரே வட்டாரத்தில், ஒரே காலத்தில் நிகழ்ந்தவை என்பதை இதனால் உணரலாம்.

ஜொகூரின் நிலை சற்று வேறானது. அது கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்றன்று. சுல்தான் இப்ராஹிம் 1895 முதல் 1959 வரை அரியணையில் இருந்தார். 1914ஆம் ஆண்டின் உடன்பாட்டினால் பிரிட்டிஷ் பொது ஆலோசகரின் அதிகாரம் அங்கே விரிவடைந்தது. போர் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இச்சூழலில் ஜொகூர் அரசின் பெயராலும் விமானங்கள் அன்பளிப்பாக அளிக்கப்பட்டன. ‘ஜொகூர் அரசின் அன்பளிப்பு’ என்னும் பொருள்படும் ஆங்கில வாசகமும் வரிசை எண்ணும் விமானத்தின்மீது எழுதப்பட்டன.

அக்காலத்தில் ‘பி.இ.2சி’ என்னும் இருவர் செல்லும் விமானத்திற்கு 1,500 பவுன் அளிக்க வேண்டும் என்றும், இயந்திரத் துப்பாக்கி பொருத்திய விக்கர்ஸ் விமானத்திற்கு 2,250 பவுன் அளிக்க வேண்டும் என்றும் வரையறுக்கப்பட்டிருந்தது. நீரிணைக் குடியேற்ற வெள்ளியின் மதிப்பு 1906 முதல் இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என நிலைப்படுத்தப்பட்டிருந்தமையால், 1,500 பவுன் என்பது ஏறத்தாழ 12,857 வெள்ளியாகும். அன்றைய தோட்டத் தொழிலாளி ஒருவரின் நாட்கூலியை அரை வெள்ளி என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், அத்தொகை 25,000 நாட்களுக்கும் மேற்பட்ட உழைப்புக்கு ஈடாகும். ஓய்வு நாளே இல்லாமல் கணக்கிட்டால் எழுபது ஆண்டுக் கூலி. கொடையாளரின் பெயர் துணியில் எழுதப்பட்டது. அக்கொடைக்கு அடிப்படையான செல்வத்தை உண்டாக்கிய ரப்பர்ப் பால் மரத்துக் கைகளின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

நிற ஆய்வுக்கு இன்றியமையாத ஒரு நடைமுறையை இங்கே குறிப்பிட வேண்டும். கொடை விமானம் ஒன்று வீழ்த்தப்பட்டாலோ பழுதடைந்தாலோ, அதன் பெயரைப் புதிய விமானம் ஒன்றின்மீது மீண்டும் எழுதும் வழக்கம் இருந்தது. புதியது பழைய வகையாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே, 1915இல் ஒரு பெயரைத் தாங்கிய விமானமும் 1917இல் அதே பெயரைத் தாங்கிய விமானமும் வெவ்வேறானவையாக இருக்கக்கூடும். ‘அந்தப் பெயருடைய விமானம் என்ன நிறம்?’ என்று கேட்பது போதாது. ‘எந்த ஆண்டில்?’ என்ற வினாவையும் உடன் சேர்த்தே கேட்க வேண்டும்.

துணியும் பூச்சும்

தொடக்ககால விமானத்தின் எலும்புக்கூடு மரத்தாலானது; அதன்மேல் போர்த்தப்பட்டது ஆளிநாரால் நெய்த லினன் துணி. அத்துணியை இறுக்கி, காற்றும் நீரும் புகாதபடி செய்வதற்கு ‘டோப்’ எனப்படும் விறைப்புப்பூச்சு பல முறை பூசப்பட்டது. செல்லுலோஸ் அசிட்டேட் அல்லது செல்லுலோஸ் நைட்ரேட்டைக் கரைப்பான்களில் கரைத்துச் செய்யப்பட்ட நீர்மம் அது. கரைப்பான்களுள் ஒன்றான டெட்ராகுளோரோஈத்தேன் கல்லீரலைத் தாக்கியதால், பூச்சுப் பணியில் ஈடுபட்ட பெண்கள் பலர் மஞ்சட்காமாலைக்கு ஆளாயினர், சிலர் உயிரிழந்தனர். பிரிட்டனில் அதன் பயன்பாடு 1916இல் கைவிடப்பட்டது. நிறத்தைப் பற்றி எழுதும்போது அதனைப் பூசிய கைகளையும் நினைவில் கொள்வது முறையாகும்.

1916ஆம் ஆண்டின் தொடக்கம் வரை பிரிட்டிஷ் விமானங்களில் நிறமற்ற டோப்பும் வார்னிஷும் மட்டுமே பெரும்பாலும் பூசப்பட்டன. எனவே அவை லினன் துணியின் இயல்பான வெளிர்மஞ்சள் சாயலில், பாலேட்டின் நிறத்தை ஒத்து விளங்கின. 1915இல் அளிக்கப்பட்ட மலாயா விமானங்களை இந்நிறத்திலேயே நாம் கருத வேண்டும்.

ஆனால் நிறமற்ற பூச்சுக்கு ஒரு குறை இருந்தது. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் அதனை ஊடுருவித் துணியை நலிவடையச் செய்தன. இதனைத் தடுக்க ஃபார்ன்பரோவிலிருந்த அரச விமானத் தொழிற்சாலையினர் பல நிறமிகளைச் சோதித்தனர். அச்சோதனைகளின் விளைவே 1916இன் இளவேனிற்காலத்தில் நடைமுறைக்கு வந்த ‘பி.சி.10’, அதாவது பாதுகாப்புப் பூச்சு எண் 10. இது விமானத்தின் மேற்பரப்பிலும் பக்கங்களிலும் பூசப்பட்டது. சிறகுகளின் அடிப்புறம் பெரும்பாலும் பழைய வெளிர் நிறத்திலேயே விடப்பட்டது. வெப்பநாடுகளுக்கென்று செம்பழுப்பான ‘பி.சி.12’ என்னும் வேறொரு பூச்சும் உருவாக்கப்பட்டது. போர்விமானத்தின் கருநிறம் எதிரியின் கண்ணிலிருந்து மறைவதற்கே என்று பலரும் கருதுகின்றனர். மறைவும் ஒரு பயன்தான். எனினும் வெயிலிலிருந்து துணியைக் காப்பதும் அதற்கு இணையான நோக்கமாக இருந்தது.

பி.சி.10 பூச்சின் நிறமிகள் இரண்டு. ஒன்று இரும்பு ஆக்சைடு கலந்த மஞ்சள் மண். மற்றொன்று மிகச் சிறிதளவு விளக்குக்கரி. இவை நமக்கு அயலானவை அல்ல. காவி மண்ணும் விளக்குப் புகையிலிருந்து எடுக்கும் கரியும் தமிழர் தம் சுவரிலும் கண்மையிலும் நெடுங்காலமாகப் பயன்படுத்தியவையே. மஞ்சள் மண்ணோடு கரியைக் கலந்தால் மஞ்சள் மங்குவதோடு நில்லாமல் பச்சைச் சாயல் பெறுகிறது. ஓவியம் பயின்றோர் இதனை அறிவர். எனவே பச்சை நிறமி ஒரு துளியும் இல்லாமலே பச்சையாகத் தோன்றும் பூச்சு ஒன்று உண்டாயிற்று.

இப்பூச்சின் நிறம் ஒருபடித்தாக இருக்கவில்லை. செல்லுலோஸ் பூச்சில் கலந்தால் பசுமை மிகுந்தும், எண்ணெய் வார்னிஷில் கலந்தால் பழுப்பு மிகுந்தும் தோன்றியது. மண் எடுக்கப்பட்ட இடம், கரியின் அளவு, பூசிய முறைகளின் எண்ணிக்கை, வெயிலில் நின்ற காலம் ஆகியவையும் நிறத்தை மாற்றின. ஆகவே ஒரே வாய்பாட்டின்படி செய்யப்பட்ட பூச்சு, ஒரு விமானத்தில் கரும்பச்சையாகவும் மற்றொன்றில் சாக்லெட் பழுப்பாகவும் இருந்திருக்கலாம். இவ்விரண்டும் உண்மையான பி.சி.10 நிறங்களே.

புகைப்படச் சான்று

கொடை விமானத்தின் பெயர் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்துக் கொடையாளருக்கு அனுப்பும் வழக்கம் அன்று இருந்தது. மலாயா நிதியின் வரலாறும் 1920இல் லண்டனில் நினைவு நூலாக வெளியிடப்பட்டது. இத்தகைய படங்களே நமக்குக் கிடைக்கும் முதன்மைச் சான்று. ஆயினும் அவற்றைக் கண்ணால் கண்டதுபோல் வாசித்தல் தவறாகும்.

அக்காலத்தில் பெரிதும் பயன்பட்ட புகைப்படத் தட்டுகள் நீல ஒளியை மிகுதியாக உணர்ந்தன. செந்நிற ஒளியை அறவே உணரவில்லை. அதனால் படத்தில் நீலம் வெளுத்தும், சிவப்பு கறுத்தும், மஞ்சள் கண்ணுக்குத் தெரிவதைவிட மங்கியும் காணப்படும். 1914 டிசம்பரில் பிரிட்டிஷ் விமானப்படை, பிரெஞ்சு வட்டச் சின்னத்தின் நிறவரிசையைத் தலைகீழாக்கித் தன் சின்னமாக ஏற்றது. புறத்தே நீலம், இடையே வெள்ளை, நடுவே சிவப்பு என்பது அதன் அமைப்பு. அன்றைய படங்களில் அந்நீல வளையம் வெளிர்சாம்பலாகவும் நடுச்சிவப்பு ஏறத்தாழக் கறுப்பாகவும் தெரிகின்றன. தட்டின் இயல்பை அறியாதவர் இப்படத்திற்கு நிறமூட்டினால், புறவளையத்திற்கு வான்நீலத்தையும் நடுவட்டத்திற்குக் கருஞ்சிவப்பையும் தீட்டிவிடுவார். கணினியும் அவ்வாறே பிழைபடக்கூடும்.

அவ்வாறாயின் கறுப்பு வெள்ளைப் படத்தால் பயனில்லையா? உண்டு. அது நிறத்தைச் சொல்லாவிட்டாலும் மாறுபாட்டைச் சொல்லும். வெளிர் நிறத் துணியின்மீது கொடைப் பெயரைக் கருநிற எழுத்துகளால் எழுதினர், பி.சி.10 பூசிய துணியின்மீது வெள்ளை எழுத்துகளால் எழுதினர். இதனால், எழுத்து கருமையாகவும் பின்புலம் வெளிராகவும் உள்ள படம் 1916 இளவேனிலுக்கு முன் கட்டப்பட்ட விமானத்தைக் காட்டுவதாகக் கருத இடமுண்டு. எழுத்து வெளுத்தும் பின்புலம் கறுத்தும் இருந்தால் அது பிற்பட்டது. மாறுதல் ஒரே நாளில் நிகழவில்லை என்பதால் விமானத்தின் வரிசை எண்ணையும் ஒப்பிட்டே முடிவுக்கு வர வேண்டும். நிறம் காலச் சான்று என்று நாம் முன்னர்க் கூறியதன் பொருள் இதுவே.

நிறப்படங்கள் அக்காலத்தில் அறவே இல்லை எனக் கூற முடியாது. லுமியேர் சகோதரர்களின் ‘ஆட்டோகுரோம்’ தட்டு 1907இல் விற்பனைக்கு வந்தது. ஆஸ்திரேலிய அரசின் போர்ப் புகைப்படக் கலைஞர் பிராங்க் ஹர்லி, ‘பேஜட்’ முறையைக் கையாண்டு 1918இல் பாலஸ்தீனத்திலிருந்த ஆஸ்திரேலிய விமானப் பிரிவைப் படமெடுத்தார். வெயில் மிகுந்த நாட்டில் விமானத் துணி எவ்வாறு தோற்றமளித்தது என்பதை அறிய இவை பேருதவி புரிகின்றன. எனினும் அத்தட்டுகளும் நிற வடிகட்டிகளின் வழியே நிறத்தை உருவாக்கியவை. நூறாண்டுகளில் அவையும் மாறியிருக்கலாம். எனவே இவற்றைத் துணைச் சான்றாகக் கொள்ளலாமேயன்றி இறுதித் தீர்ப்பாகக் கொள்ளுதல் இயலாது.

எழுத்துச் சான்றும் நிறப்பெயரும்

படத்தால் தீராத ஐயத்தை எழுத்தால் தீர்க்கலாம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அன்றைய ஆவணங்களும் நினைவுக் குறிப்புகளும் பி.சி.10 நிறத்தைக் ‘காக்கி’ என்றும், ‘பச்சை’ என்றும், ‘பழுப்பு’ என்றும் பலவாறாகக் குறிப்பிடுகின்றன. இம்மூன்றில் எது சரி என்று வழக்காடுவதற்கு முன், நிறப்பெயர் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆராய வேண்டும்.

காக்கி என்பது புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான ‘காக்’ என்பதிலிருந்து உருது வழியாக வந்தது. 1840களில் இந்தியாவின் வடமேற்கு எல்லைப் படைப்பிரிவொன்றின் உடைக்குப் பெயராகி, பின்னர் ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் மலாய்க்கும் பரவியது. ஒவ்வொரு நிலத்தின் புழுதியும் ஒவ்வொரு நிறம். ஒரு துறையின் சீருடையில் காக்கி மஞ்சள் சாய்ந்தும், மற்றொன்றில் பசுமை சாய்ந்தும் இருப்பதை நாமே கண்டிருக்கிறோம். ஆவணத்தில் ‘காக்கி’ என்றிருந்தால், அது ஒரு நிற வட்டாரத்தைச் சுட்டுகிறதே தவிர ஒரு குறிப்பிட்ட சாயலைச் சுட்டவில்லை.

தமிழிலக்கியம் பயின்றோர்க்கு இது புதிய செய்தியன்று. தொல்காப்பிய உரியியல் ‘குரு’, ‘கெழு’ ஆகிய சொற்களுக்கு நிறம் என்று பொருள் கூறுகிறது. அச்சொற்களின் ஆட்சியில் ஒளியும் நிறமும் பிரிக்கவொண்ணாதபடி கலந்து நிற்பதைக் காண்கிறோம். பசுமை என்னும் சொல் இலையின் நிறத்தைக் குறிக்கிறது. பிரிந்த தலைவியின் மேனியில் படரும் பசலையிலும் அதே அடி இருக்கிறது. பொன்னைப் பசும்பொன் என்கிறோம். அதனையே செம்பொன் என்றும் கூறுகிறோம். பசும்பொன் என்று படித்த மாணவர் எவரும் பொன்னை இலைப்பச்சையாகத் தீட்டுவதில்லை. சொல் நிற்கும் இடத்தையும் சொல்வோன் கருத்தையும் அறிந்தே பொருள் கொள்கின்றனர். அதே நுண்மையை விமானியின் நாட்குறிப்பை வாசிக்கும்போதும் கையாள வேண்டும் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. புதிதாகத் தொழிற்சாலையிலிருந்து வந்த விமானத்தைக் கண்டவர் பச்சை என்று எழுதியிருக்கலாம். மாதக்கணக்கில் வெயிலிலும் எண்ணெய்ப் புகையிலும் நின்ற விமானத்தைக் கண்டவர் பழுப்பு என்று எழுதியிருக்கலாம். இருவரும் உண்மையே கூறினர்.

நிறத்தைப் பெயரால் அன்றி அளவால் குறிக்கும் முயற்சி அப்போதே தொடங்கியிருந்தது. அமெரிக்கரான ஆல்பர்ட் மன்செல் 1905இல் தம் நிறக் குறியீட்டு முறையை நூலாக வெளியிட்டார். நிறவகை, வெளிர்மை, செறிவு ஆகிய மூன்று அளவுகளால் எந்த நிறத்தையும் குறிக்க வழிசெய்தது அம்முறை. ஆயினும் போர்க்காலத் தொழிற்சாலைகளில் பூச்சு, நிறமியின் வாய்பாட்டைக் கொண்டே செய்யப்பட்டது. பிரிட்டனின் பொதுவான நிறத் தர அட்டைகள் 1930களில்தான் வழக்கிற்கு வந்தன. எனவே பிற்கால நிற அட்டையிலுள்ள ஒரு கட்டத்தைக் காட்டி, ‘இதுவே 1916இன் நிறம்’ என்று கூறுவது காலமுரணாகும்.

பொருட்சான்று

மூன்றாவது சான்று துணியே. போர்வீரர்கள் வீழ்ந்த விமானங்களிலிருந்து துணித்துண்டுகளை நினைவுப்பொருளாக அறுத்து வைத்தனர். அவற்றுட் பல இன்று அருங்காட்சியகங்களிலும் தனியார் தொகுப்புகளிலும் உள்ளன. முழு விமானங்களும் சில எஞ்சியுள்ளன. லண்டனிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பி.இ.2சி விமானமும், அந்நிறுவனத்தின் டக்ஸ்ஃபர்டு கிளையிலுள்ள ‘ஆர்.இ.8’ விமானமும் குறிப்பிடத்தக்கவை. பின்னது போர் முடிந்த 1918 நவம்பர் 11 அன்று பிரான்சைச் சென்றடைந்ததால் போரில் ஈடுபடவே இல்லை.

ஆயினும் பொருளும் பொய்யுரைக்கக்கூடும். அருங்காட்சியக விமானம் பலமுறை மறுதுணி போர்த்தப்பட்டு, மறுபூச்சுப் பெற்றிருக்கலாம். பெட்டிக்குள் இருளில் வைக்கப்பட்ட துணித்துண்டு மாறாமல் இருக்கும் என்று கருதுகிறோம். ஆனால் ஆளிவிதை எண்ணெய் கலந்த வார்னிஷ் ஒளியில் வெளுக்கிறது, இருளிலோ மஞ்சளிக்கிறது. வெயிலில் இருந்தால் ஒரு மாற்றம், இருளில் இருந்தால் வேறொரு மாற்றம். ஆகவே துணியின் மேற்பரப்பைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாமல், பூச்சின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் கண்டும், எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையால் அதிலுள்ள தனிமங்களை அறிந்தும் ஆராய்கின்றனர். இரும்பு இருந்தால் மண் நிறமி, ஈயமோ துத்தநாகமோ இருந்தால் வெள்ளை நிறமி எனக் கருதலாம். நிறமிகளையும் பிணைபொருளையும் அறிந்தால், அதே பொருள்களைக் கொண்டு புதிய பூச்சு செய்து அன்றைய நிறத்தை மீண்டும் உண்டாக்கிக் காணவியலும்.

இம்முறையின் ஒரு கூற்றை வகுப்பறையிலும் செய்து காட்டலாம். மஞ்சள் காவித் தூளோடு சிறிதளவு விளக்குக்கரியைக் கலந்து இரு பங்காக்க வேண்டும். ஒரு பங்கை ஆளிவிதை எண்ணெயிலும், மற்றொரு பங்கை நிறமற்ற பசையிலும் குழைத்து வெள்ளைத் துணியில் பூசினால், ஒரே நிறமி இரு சாயல்களாகத் தெரிவதை மாணவர் தாமே காண்பர். இதற்கு நச்சுக் கரைப்பான் எதுவும் தேவையில்லை.

ஜொகூர் மண்ணில் எஞ்சியவை

கொடை விமானங்கள் ஜொகூர் மண்ணைத் தொடாவிட்டாலும், அவற்றின் வழிவந்த துணி போர்த்திய இரட்டைச் சிறகு விமானங்கள் இங்கே போரிட்டு வீழ்ந்தன. 1942 ஜனவரி 26 அன்று ஜொகூரின் கிழக்குக் கரையிலுள்ள எண்டாவில் ஜப்பானியப் படை கரையிறங்கியபோது, சிங்கப்பூரிலிருந்து 36ஆம், 100ஆம் படைப்பிரிவுகளின் ‘வில்டபீஸ்ட்’ விமானங்கள் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டன. 1928இல் முதன்முதலாகப் பறந்த வகை அது. அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் மட்டுமே. அன்று இரு அலைகளாகச் சென்றவற்றுள் பத்துக்கும் மேற்பட்ட இரட்டைச் சிறகு விமானங்கள் வீழ்த்தப்பட்டன. இரு படைப்பிரிவுகளின் தளபதிகளும் உயிரிழந்தனர்.

இவ்விமானங்களின் நிறமும் காலத்தைப் பொறுத்ததே. போருக்கு முன் சிலேத்தார் தளத்தில் இருந்தபோது அவை அலுமினியத் தூள் கலந்த வெள்ளி நிறப் பூச்சில் விளங்கின. வெயிலின் கதிர்களைத் திருப்பியனுப்பித் துணியைக் காப்பதே அதன் நோக்கம். 1916இல் மஞ்சள் மண் செய்த பணியைப் பின்னர் அலுமினியம் ஏற்றது. போர் நெருங்கியபோது அதன்மீது கரும்பச்சையும் மண்பழுப்பும் கொண்ட உருமறைப்புப் பூச்சு பூசப்பட்டது.

இதனால் எழும் ஓர் ஆபத்தைச் சுட்ட வேண்டும். 1930களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் விமானத் துணிக்கு முதலில் செங்காவி கலந்த டோப்பும், அதன்மேல் அலுமினியப் பூச்சும், இறுதியாக உருமறைப்பு நிறங்களும் பூசப்பட்டன. காட்டிலோ சதுப்பிலோ கிடைக்கும் துண்டில் மேற்பூச்சு உதிர்ந்து அடியிலுள்ள செந்நிறம் மட்டும் எஞ்சியிருக்கலாம். அடுக்குமுறையை அறியாதவர் அதனைச் செந்நிற விமானம் என்றோ, வெள்ளி தெரிந்தால் போருக்கு முந்தியது என்றோ முடிவு செய்துவிடுவார். மழையும் வெப்பமும் மிகுந்த நம் மண்ணில் துணி நெடுநாள் தங்குவதுமில்லை. உலோகப் பகுதிகளே மிஞ்சும். அவற்றின் பூச்சும் உதிர்ந்து நிறம் மாறும்.

மேலும், அவ்விடங்கள் மனிதர் உயிர்துறந்த இடங்களாகும். நிறத்தை அறியும் ஆர்வத்தால் துண்டுகளைப் பெயர்த்தெடுத்தல் ஆய்வு ஆகாது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பிலிருக்கும் நாட்டில், கண்டெடுத்ததை உரிய அதிகாரிகளுக்குத் தெரிவித்து, இருந்த இடத்தையும் இருந்த நிலையையும் பதிவுசெய்வதே முறையாகும். இடம் பெயர்ந்த துண்டு, ஏடு கழன்ற சுவடியைப் போன்றது. அதிலுள்ளதைப் படிக்கலாம், ஆனால் அது எதனைச் சேர்ந்தது என்று உறுதியாகக் கூற இயலாது.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், ஜொகூர், மலாயா ஆகிய பெயர்களைத் தாங்கிய விமானங்களுக்கு ஒரே நிறம் என ஒன்றில்லை என்பது தெளிவாகிறது. 1915இலும் 1916இன் தொடக்கத்திலும் கட்டப்பட்டவை வெளிர்மஞ்சள் சாயலும் கருநிற எழுத்தும் கொண்டவை. அதன்பின் கட்டப்பட்டவற்றின் மேற்புறம் பசும்பழுப்பு முதல் சாக்லெட் பழுப்பு வரையிலான எல்லைக்குள் அமைந்தது, அடிப்புறம் பெரும்பாலும் வெளிராகவே இருந்தது, எழுத்து வெள்ளையாயிற்று. இவ்வெல்லைக்குள் ஒரு குறிப்பிட்ட விமானம் எங்கே நின்றது என்பதை, அதற்கென்றே சான்று கிடைத்தாலன்றி உறுதிப்படுத்த முடியாது.

ஆகவே மாதிரி விமானம் செய்யும் மாணவருக்கு ஆசிரியர் கூற வேண்டியது ஒரு நிறத்தின் பெயரை மட்டுமன்று. எந்த ஆண்டின் விமானம், எந்தப் படத்தை அடிப்படையாகக் கொண்டது, எந்தப் பகுதி சான்று, எந்தப் பகுதி ஊகம் ஆகிய நான்கையும் மாதிரியின் அருகில் ஓர் அட்டையில் எழுதி வைக்கச் செய்யலாம். நிறமூட்டிய படங்களை வெளியிடுவோரும் மூலப்படத்தை அருகிலேயே அச்சிடுதல் நன்று. சுவடிப் பதிப்பாசிரியர்கள் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டி, தாம் கொண்ட பாடத்திற்குக் காரணமும் கூறினர். அந்நேர்மையைத் தமிழ் கற்பிப்போர் வரலாற்றுப் படங்களுக்கும் விரிவாக்குவது பொருத்தமே.

அவ்வட்டையில் ஐந்தாவதாக ஒரு வரியையும் சேர்க்கலாம் என்பது நம் கருத்து. அவ்விமானத்தின் விலை எத்தனை நாட்கூலிக்கு ஈடானது என்பதே அவ்வரி. துணியின்மீது எழுதப்படாமற்போன பெயர்களை இன்று நாம் எழுத முடியாது. அவர்களின் உழைப்பை எண்ணாலேனும் குறித்து வைத்தல் நம்மால் இயலும்.